ஒன்றரை நாள் கோபம்

மூன்று வருஷமும் இரண்டு மாதமும் கண்ணைத் திறக்காமல் கிடந்த சவுண்டு சர்வீஸ் தவமணி, ஆனி மாதக் கடைசி வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, எதிரில் நின்ற பெண்டாட்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரிடம், "இந்த வீட்ல காப்பி கீப்பி கிடைக்குமா, இல்ல அதுவும் மச்சான் வீட்லதான் போய்க் குடிக்கணுமா?" என்று கேட்டான். சிலம்பாயி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். எழுந்திருப்பது தன் புருஷன்தான் என்பதில் அவளுக்கு இம்மியளவும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் மூன்று வருஷத்துக்கு முந்தின அந்தக் காலையில் அவளோடு பேச்சை நிறுத்திக்கொண்டபோதும் அவன் இப்படித்தான் காலண்டரைப் பார்த்துக் காப்பி கேட்டான். அடுப்பைப் பற்றவைத்து, பாலைக் காய்ச்சி, சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு, டம்ளரை அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் நங்கென்று வைத்தாள். இரண்டு மடக்குக் குடித்தான். மூன்றாவது மடக்குக்கு வாயருகே கொண்டுபோனவன் அப்படியே சாய்ந்து பழையபடி கிடந்தான், மிச்சக் காப்பி வேட்டியில் கொட்டியது. நல்லவேளையாக அது ஆறியிருந்தது.

அவள் வேட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், "உருவிட்டு இன்னொரு தடவை சொருகிப் பாக்குறேண்ணே" என்றது. அது சொல்லி வாய் மூடுவதற்குள் தவமணி மறுபடியும் எழுந்து உட்கார்ந்து, மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு எழுத்துப் பிசகாமல் அதே கேள்வியைக் காலண்டரிடம் கேட்டான். அதற்கப்புறம் சாய்ந்தான். அதற்கப்புறம் எழுந்தான். ஐந்தாவது தடவை அவன் காப்பி கேட்டபோது சிலம்பாயி துணியைப் போட்டுவிட்டு, இடுப்பில் செருகிய முந்தானையோடு பக்கத்துக் கடைக்கு நடந்தாள்.

பக்கத்துக் கடை ரத்தினபாண்டியின் கலைவாணி கிராபிக்ஸ். வெள்ளைக்கரடு என்கிற அந்த ஊரில் யார் வயசுக்கு வந்தாலும், யாருக்குக் காது குத்தினாலும், யார் செத்தாலும் அந்தக் கடைக் கம்ப்யூட்டர் வழியாகத்தான் அது ஊருக்குத் தெரியவேண்டும். அந்தக் கம்ப்யூட்டர் புதன்கிழமை சாயங்காலம், மூன்று கல்யாணப் பத்திரிகையையும் ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரையும் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு படக்கென்று நின்றுவிட்டது. பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு இங்கிலீஷ் வரி வரும். தொடங்குவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை, எதிலிருந்தாவது தொடங்கிக் கொடு என்று அதற்கு அர்த்தம். பக்கத்து டவுனிலிருந்து மெக்கானிக் நைனார் பாய் மொபெட்டில் வந்து, சாவிக்கொத்தில் தொங்கிய பென்டிரைவைக் கழற்றி, அதிலிருந்து அதைத் தொடங்க வைக்கத்தான் காலையிலிருந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பாய், இப்ப நீங்க என்ன செஞ்சீங்க?" என்றாள் சிலம்பாயி.

"ஒண்ணும் செய்யல தங்கச்சி. பென்டிரைவச் சொருகுறேன். இந்தச் சனியன் பூட் ஆக மாட்டேங்குது."

"எங்க வீட்ல ஆகுது" என்றாள் அவள். "அஞ்சு தடவை எந்திரிச்சு காப்பி கேட்டுட்டாரு."

நைனார் பாய் இருபது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவர், எதற்கும் சட்டென்று வாயைப் பிளக்கிற ஆள் இல்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "அப்படியா, சோதிச்சுப் பாத்துருவோம்" என்று மட்டும் சொன்னார். கூரை மேல் ஏறி டிவி ஆன்டெனாவைத் திருப்பிய காலத்தில் நடந்த மாதிரியே நடந்தது. இங்கிருந்து அவர் "இப்ப?" என்பார், அங்கிருந்து சிலம்பாயி "எந்திரிச்சிட்டாரு!" என்பாள். "இப்ப?" "படுத்துட்டாரு பாய்!" வேறு பென்டிரைவைச் சொருகினார், தவமணி அசையவில்லை. இதே பென்டிரைவை ஊராட்சி ஆபீஸ் கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ச் சொருகினார், அந்தக் கம்ப்யூட்டர் ஜம்மென்று தொடங்கியது, தவமணி அசையவில்லை. இந்தக் கம்ப்யூட்டரும் இந்தப் பென்டிரைவும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கிறது, அதுவும் சுவருக்கு அந்தப் பக்கம் நடக்கிறது என்று அவர் ஒரு துண்டுத்தாளில் எழுதி ரத்தினபாண்டியிடம் கொடுத்தார்.

மறுநாள் முழுக்க அவர் விடவில்லை. மெமரித் துண்டைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டினார், கம்ப்யூட்டர் மசியவில்லை, ஆனால் தவமணிக்குப் பள்ளிக்கூட வாத்தியார்கள் பேரெல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் எதிலிருந்து முதலில் தொடங்குவது என்கிற வரிசையில் பென்டிரைவை முதலிடத்துக்கு ஏற்றினார், தவமணி கட்டிலை விட்டு இறங்கி நடந்தான். கம்ப்யூட்டரின் முன்பக்கத்து ஓட்டை லொடலொடவென்று இருந்ததால் தெருவில் லாரி போகும்போதெல்லாம் அவன் பாதிப் பேச்சில் நின்று, லாரி போனதும் மிச்சத்தைப் பேசினான். பின்பக்கத்து நீல ஓட்டையில் சொருகினால் ஏலம் போடுகிறவன் மாதிரி தடதடவென்று பேசித் தள்ளினான், ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. கடைசியில் பின்பக்கத்துக் கறுப்பு ஓட்டைதான் அவனுக்குத் தோது என்று முடிவாயிற்று. ரத்தினபாண்டி பத்திரிகை வேலையை டவுனுக்கு அனுப்பிவிட்டார். ஆடி பிறக்கப் போகிறது, ஆடியில் எவன் கல்யாணம் வைக்கப் போகிறான், அந்த ஒரு மாதம் கம்ப்யூட்டர் தவமணிக்கே இருக்கட்டும், ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள் எனக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

ஆனால் எந்த ஓட்டையில் சொருகினாலும் தவமணி அந்த ஒரே காலையில்தான் எழுந்தான்.

அந்தக் காலையில் நடந்தது இதுதான். சிலம்பாயியின் அண்ணன் மொக்கராசு புது வீடு கட்டிப் பால் காய்ச்சினான். ஊரெல்லாம் நேரில் போய்த் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தவன், தங்கச்சி புருஷனுக்கு மட்டும், நம்ம ஆளுதானே என்று, பத்திரிகையைப் படம் பிடித்துப் போனில் அனுப்பிவிட்டான். தவமணி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். "வெத்தலய எங்கடி வச்சிருக்கான், போன் ஓட்டைக்குள்ளயா?" என்றான். "நீங்க வராட்டிப் போங்க, நான் போகத்தான் செய்வேன்" என்று சிலம்பாயி ஒரு வார்த்தை சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். காலண்டரிடம் காப்பி கேட்டான், அவள் போட்டுக் கொடுத்ததைக் குடிக்காமல் போனான், கோயில் புளியமரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்ட ஏறினான், விழுந்தான்.

தவமணியின் கோபத்துக்கு ஒரு கணக்கு உண்டு. காலையில் கோபித்துக்கொண்டால் மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அவனே தொண்டையைச் செருமிக்கொண்டு, "சிலம்பு, ராத்திரிக்கு என்ன?" என்பான். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் ஒன்றரை நாளுக்கு மேலே போனதும் இல்லை, அதற்குக் கீழே குறைந்ததும் இல்லை. மனசுக்குள் சமாதானமாகிவிட்டால்கூட அந்தக் கெடு முடிகிறவரை காலண்டரிடமும் கதவிடமும்தான் பேசுவான். சிலம்பாயிக்கு இப்போது வேண்டியதெல்லாம் அந்த ஒன்றரை நாள். அவன் ஒரு தரம் தன் மூஞ்சியைப் பார்த்து "ராத்திரிக்கு என்ன" என்று கேட்டுவிட்டால் போதும், அதற்கப்புறம் எப்படியானாலும் ஆகட்டும் என்று மூன்று வருஷமாக அவனைப் புரட்டிப் படுக்கவைத்துத் துடைத்துவிடும்போதெல்லாம் அவள் நினைத்துக்கொண்ட ஒரே நினைப்பு அதுதான். ஆனால் கரட்டுக் குன்றிலிருந்து இறங்குகிற காற்று ஆடியில் ஒரு நாளாவது சும்மா இருந்திருக்கிறதா? மரம் கம்பியில் உரசும், கரண்டு போகும், கடையிலிருந்த யூபிஎஸ் இருபது நிமிஷம் கீக்கீக் என்று கத்திவிட்டு உயிரை விடும், தவமணி சோற்றைப் பிசைந்த கையோடு சாய்வான். திரும்பக் கரண்டு வந்தால் காப்பியிலிருந்து ஆரம்பிப்பான். அதிகபட்சமாக ஒரு தடவை இருபத்திரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தான். அன்றைக்கு அவனைச் சாய்த்தது மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு.

இந்த நிலைமைக்கு ஊர் மூன்றே நாளில் பழகிவிட்டது. எத்தனை தரம் சொன்னாலும் புதுசாகக் கேட்கிற ஒரு மனுஷன் கிடைத்தால் யார்தான் விடுவார்கள். சலூன் குருவையா தினமும் காலை எட்டு மணிக்கு வந்து தன்னிடமிருந்த ஒரே ஜோக்கைச் சொல்வார், தவமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான், அவர் மனசு நிறைந்து கடை திறக்கப் போவார். வரப்புத் தகராறில் தோற்றுப்போன ஒருத்தர் தினமும் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லி, "அதான், அவன் செஞ்சது தப்புதான்" என்று தவமணி வாயால் கேட்டுவிட்டுப் போனார். ஒன்பதரை மணிக்கு அவருடைய எதிராளி வந்து அதே தீர்ப்பைத் தன் பக்கத்துக்கு வாங்கிக்கொண்டு போனார். தேர்தலில் யார் ஜெயித்தது என்பதை அவனிடம் சொல்லும் உரிமைக்கு மேலத்தெருக்காரர்களும் கீழத்தெருக்காரர்களும் சண்டை பிடித்து, கோயில் கமிட்டி தலையிட்டு, ஒற்றைப்படைத் தேதி மேலத்தெரு, இரட்டைப்படைத் தேதி கீழத்தெரு என்று பிரித்துக் கொடுத்தது.

"மூணு வருஷமா படுத்துக் கிடந்திருக்கப்பா, இன்னுமா அவ மேல கோவம்?" என்று குருவையா ஒரு நாள் கேட்டார்.

"மூணு வருஷம் உங்களுக்குண்ணே. எனக்கு இன்னைக்குக் காலையிலதான்" என்றான் தவமணி.

ஊரே அவனோடு பேசியது, அவனும் ஊரோடெல்லாம் பேசினான். அவளோடு மட்டும் இல்லை. அடுப்படியில் நின்று அந்தச் சிரிப்பையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த சிலம்பாயிக்கு வந்தவர்கள் எல்லோரையும் விளக்குமாற்றால் அடித்து விரட்டவேண்டும் என்று பத்திக்கொண்டு வந்தது. ஆனாலும் எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

ஆடி ஏழாம் தேதி மொக்கராசு தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், மூன்று வருஷத்துப் பழைய பத்திரிகை எல்லாம் வைத்து எடுத்துக்கொண்டு நேரில் வந்தான். "மாப்ள, தப்புதான், மன்னிக்கணும்" என்று கும்பிட்டான். தவமணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தாம்பாளத்தை வாங்கிக்கொண்டான், மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான், வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று கேட்டான். ஊர்க்காரர்கள் தீர்ந்தது தீர்ந்தது என்று எட்டிப் பார்த்தார்கள். தவமணி காலண்டரைப் பார்த்து, "மச்சானுக்கு யாராச்சும் மோர் கொண்டாங்க" என்றான். ஒன்றரை நாள் என்றால் ஒன்றரை நாள்தான்.

மறுநாள் நைனார் பாய் சிலம்பாயியைத் தனியாகக் கூப்பிட்டார். அவருக்கும் இது இழுத்துக்கொண்டே போவதில் வருத்தம்.

"தங்கச்சி, பென்டிரைவ்ல ஓடுறது தற்காலிகம். ஓடுற வரைக்கும் ஓடும், உருவுனா எதுவும் உள்ள தங்காது. தங்கணும்னா ஒரே வழிதான் இருக்கு. உள்ள இருக்கறத சுத்தமா அழிச்சிட்டு, புதுசா ஏத்திரலாம். அப்புறம் பென்டிரைவும் வேண்டாம், கரண்டும் வேண்டாம். எந்திரிச்சா எந்திரிச்சதுதான்."

"உள்ள இருக்கறதுன்னா?"

"எல்லாந்தான்."

"என்னையுமா?"

நைனார் பாய் மொபெட் சாவியைத் திருகிக்கொண்டே நின்றார். "கோவமும் போயிரும்ல" என்றார், ஆறுதலாக.

"அழிச்சிட்டா யாரு பாய் எந்திரிப்பா?"

"புதுசா ஒருத்தர்."

"அவர வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?" என்றாள் சிலம்பாயி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அன்றைக்கு மத்தியானம் அவள் வீட்டுக்குப் பின்னால் போய், தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடித்துக் கிடந்த சவுண்டு சர்வீஸ் ஜெனரேட்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். ஊரில் அந்த ஜெனரேட்டரின் குணம் தெரிந்த ஆள் ஒருத்தன்தான், அவன் உள்ளே காலண்டரிடம் காப்பி கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அவருகிட்டச் சொல்லுங்க, ஜெனரேட்டர் ஓடலயாம்னு" என்று ரத்தினபாண்டியை அனுப்பினாள். எந்தக் கோபத்திலும் அந்தச் சொல்லுக்கு மட்டும் தவமணி எழுந்துவிடுவான். எழுந்தான். தார்ப்பாயை விலக்கினான், ஸ்பேனரைக் கேட்டான், எலி கடித்த ஒயரை முதல் நாள் மாற்றினான், கரண்டு போனது, சாய்ந்தான். மறுநாள் புதுசாக எழுந்து, மறுபடியும் ஜெனரேட்டர் ஓடவில்லை என்று கேள்விப்பட்டு, மறுபடியும் தார்ப்பாயை விலக்கி, "அட, ஒயர எவனோ தொழில் தெரிஞ்சவன் மாத்திருக்கான்யா" என்று மெச்சிக்கொண்டு டீசல் குழாயைச் சுத்தம் செய்தான். அதற்கு மறுநாள் அந்தக் குழாயைப் பார்த்து மெச்சினான். அவனுக்குள்தான் எதுவும் தங்கவில்லை, இரும்பில் தங்கியது. அப்படிப் பதினோரு காலைகள், பத்துத் தடவை தன் கைவேலையையே யாரோ ஒருத்தன் வேலை என்று நினைத்துப் பாராட்டி, பன்னிரண்டாவது காலை கயிற்றைச் சுற்றி இழுத்தான். புகையைக் கக்கிக்கொண்டு ஜெனரேட்டர் பிடித்தது. சிலம்பாயி அடுப்படி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆடி இருபத்திரண்டாம் தேதி, சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு நைனார் பாய் பென்டிரைவைச் சொருகி, ஆடாமல் இருக்க மேலே மருந்துக்கடை பிளாஸ்திரி ஒட்டினார். கம்ப்யூட்டரின் பக்கத்துத் தகட்டைக் கழற்றிவிட்டு, சூடாகாமல் இருக்க டேபிள் பேன் வைத்தார். கரண்டு போனால் யூபிஎஸ் தாங்குகிற இருபது நிமிஷத்துக்குள் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கவேண்டியது ரத்தினபாண்டியின் வேலை. குருவையாவும் வரப்புத் தகராறுக்காரர்களும் வழக்கம்போல வர, சிலம்பாயி வாசலில் நின்று, "இன்னைக்கும் நாளைக்கும் யாரும் உள்ள வரக்கூடாது. இது எங்க ரெண்டு பேரு சண்டை" என்று சொல்லிவிட்டாள். அவள் அப்படி யாரையும் அதட்டி அந்தத் தெரு அதுவரை கேட்டதில்லை. எல்லோரும் திரும்பிப் போனார்கள்.

தவமணி காலண்டரிடம் காப்பி கேட்டான், கொடுத்தாள். கதவிடம் சோறு கேட்டான், போட்டாள். காற்று ஊளையிட்டது, கரண்டு போனது, ஜெனரேட்டர் பிடித்தது, கரண்டு வந்தது, மறுபடி போனது, அன்றைக்கும் அந்த இரவிலும் மட்டும் ஒன்பது தடவை. நைனார் பாய் தன் டவுன் கடையைச் சாத்திவிட்டு அங்கேயே பாய் விரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டீசல் அடிமட்டத்துக்கு இறங்கியது, நல்லவேளை காற்றும் கொஞ்சம் இறங்கியது. நான்கு மணிக்குத் தவமணி தாழ்வாரத்துக்கு வந்து, அவள் உலர்த்திய துணிகளை எடுத்து மடித்து வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உள்ளே போனான். சிலம்பாயி அதைப் பார்த்தாள். கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள், அப்பளம் பொரித்தாள், முகம் கழுவித் தலைவாரினாள்.

ஆறு மணிக்கு விளக்கு ஏற்றினாள். முப்பத்தாறு மணி நேரம் முடிந்தது. பின்னால் தொண்டையைச் செருமுகிற சத்தம் கேட்டது. திரும்பினாள். தவமணி காலண்டரைப் பார்க்கவில்லை, கதவைப் பார்க்கவில்லை, அவள் மூஞ்சியைத்தான் பார்த்தான்.

"சிலம்பு, ராத்திரிக்கு என்ன?"

கத்திரிக்காய்க் குழம்பு என்கிற பதில் அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. மூன்று வருஷமாக அவன் கேட்கிற மாதிரியும் தான் சொல்கிற மாதிரியும் தனக்குள்ளேயே சொல்லிப் பார்த்து வைத்திருந்தவள்தான். வாயைத் திறந்தாள். திறந்த வாயில் அந்தப் பதில் வரவில்லை. ஒரு வெற்றிலைக்காகக் காப்பியைக் குடிக்காமல் போனவன், போய் மரத்தில் ஏறியவன், விழுந்தவன், விழுந்து மூன்று வருஷம் அவளை யார் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போகவிடாமல் கட்டிலுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்டவன், எழுந்த பிறகும் ஊரோடெல்லாம் சிரித்துவிட்டு அவளுக்கு மட்டும் காலண்டரைக் காட்டியவன், இப்போது வந்து ஒன்றுமே ஆகாத மாதிரி ராத்திரிக்கு என்ன என்கிறான். வாயை மூடிக்கொண்டாள். திரும்பி அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஏய், உன்னத்தான்."

அவள் பேசவில்லை.

"உடம்புக்கு முடியலயா? தலவலியா?"

அவள் பேசவில்லை. தவமணி குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தான், மூடினான். அவள் முன்னால் போய் நின்றான், அவள் இன்னொரு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவனுக்கு வேர்த்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்துக் கடை வாசலுக்கு ஓடினான்.

"பாய், இவ ஏன் பேச மாட்டேங்குறா? நான் என்ன செஞ்சேன்?"

நைனார் பாய் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். ரத்தினபாண்டி கம்ப்யூட்டரைப் பார்த்தார், பிளாஸ்திரி ஒட்டிய பென்டிரைவைப் பார்த்தார், ஆவணி முதல் முகூர்த்தம் எத்தனை நாளில் வருகிறது என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"அவங்க கோவம் எத்தன நாளு தாங்கும்?" என்று நைனார் பாய் தணிந்த குரலில் கேட்டார்.

தவமணி யோசித்தான். ரத்தினபாண்டியும் யோசித்தார். கெடு முடிகிற நேரமென்று கடை வாசலில் கூடியிருந்த ஊரும் யோசித்தது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டு யாரும் பார்த்ததில்லை.

கரண்டு போனது. ரத்தினபாண்டி ஜெனரேட்டர் கயிற்றை இழுத்துவிட்டு வந்து, காலி டீசல் கேன் இரண்டையும் எடுத்து நைனார் பாயின் மொபெட்டில் கட்டினார்.

"எதுக்கும் இன்னொரு கேனும் எடுத்துக்கங்கண்ணே" என்றார் நைனார் பாய்.